துருக்கித் திண்டு உறை: முதலில் முடிச்சு, அப்புறம் அர்த்தம்

இஸ்தான்புல் போய் வந்த நண்பர் ஒருவர் போனில் ஒரு படம் அனுப்பினார். சிவப்பு நிலத்தின் நடுவே ஓர் எண்கோணம், அதற்குள் நட்சத்திரம். நாலு மூலையிலும் சின்னப் பூக்கள். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் கோபுரங்களை நிறுத்தி வைத்த மாதிரி கூர்நுனி வரிசை. கூடவே ஒரு கேள்வி: "இருநூறு வருஷப் பழசாம். மேலேயும் கீழேயும் இருப்பது மசூதி வாசலாம். நடுவில் இருப்பது தாய்த் தெய்வமாம். சாமிக்குப் பயந்து ஓர் இடத்தில் வேண்டுமென்றே தப்பு விட்டிருக்கிறார்களாம். கடையில் சொன்னார்கள். நிஜமா?"

பழைய துருக்கி நெசவு எதை வாங்கினாலும் இந்தக் கதைகள் இலவசமாகக் கூடவே வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நெசவு எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்காமல் சொல்லப்படுவதால் முக்கால்வாசிக் கதைகள் நிற்பதில்லை. நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்டேன்: "பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்."

அவர் அனுப்ப இரண்டு நாள் ஆனது. அதற்குள் நாம் அடிப்படையைப் பார்த்துவிடலாம்.

இது கம்பளம் இல்லை, திண்டு

படத்தில் இருந்தது குட்டிக் கம்பளமும் இல்லை, தொழுகை விரிப்பும் இல்லை. சாய்ந்து உட்காரும் திண்டுக்குப் போடும் உறை. துருக்கியில் இதற்கு 'யஸ்திக்' என்று பெயர். தலையணை, திண்டு இரண்டுக்கும் அங்கே இந்த ஒரே சொல்தான்.

அனத்தோலியக் கிராம வீடுகளில், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியில், பழைய நாளில் நாற்காலி கிடையாது. சுவரை ஒட்டித் தாழ்வான மேடை இருக்கும். நம் திண்ணை வீட்டுக்குள் வந்த மாதிரி. அதன்மேல் விரிப்பு, விரிப்பின்மேல் சுவரோடு சாய்த்து வைத்த திண்டுகள். உள்ளே கம்பளியோ வைக்கோலோ திணித்திருப்பார்கள். விருந்தாளி வந்தால் சாய்வது அதில்தான். கல்யாணத்துக்கு முன் பெண் நெய்து சேர்த்து வைக்கும் சீர்ப் பொருள்களில் இதுவும் உண்டு. பெரும்பாலும் ஜோடியாக நெய்வார்கள்.

அளவு சுமாராக 50 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் நீளம். கொஞ்சம் கூடலாம், குறையலாம். முகம் பார்க்கும் பக்கம் மட்டும் புசுபுசுவென்று இருக்கும். பின்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் அங்கே சாதாரணத் தட்டை நெசவு போதும். கம்பளி மிச்சம், உழைப்பும் மிச்சம்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், இவை வெளிநாட்டுச் சந்தைக்குப் போனபோது பலவற்றின் பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். தட்டையாகக் கிடக்கும், சுவரில் மாட்ட வசதி. திணிப்பும் போய், பின்பக்கமும் போய், மேல்முகம் மட்டும் மிஞ்சியதைப் பார்ப்பவர்களுக்கு அது குட்டிக் கம்பளமாகத் தெரிந்தது. பாதிக் குழப்பம் இந்தக் கத்தரியால் வந்தது என்பேன்.

டர்க்கி டவலிலிருந்து தொடங்கலாம்

புசுபுசுப்பு எப்படி வருகிறது? வீட்டில் இருக்கும் டர்க்கி டவலை எடுத்துப் பாருங்கள். துணி ஒன்று, அதன்மேல் நின்றுகொண்டிருக்கும் சின்னச் சின்ன நூல் வளையங்கள். பெயரிலேயே துருக்கி இருப்பது தற்செயல் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் துருக்கிக்குப் போன ஹென்றி கிறிஸ்டி என்ற இங்கிலாந்துக்காரர் அங்கே கையால் நெய்த வளையத் துண்டைப் பார்த்தார். அதை இயந்திரத்தில் நெய்யும் வழி கண்டுபிடித்து, 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார்கள்.

துணியின் தளத்துக்கு மேலே எழுந்து நிற்கும் இந்த நூல்களின் கூட்டத்துக்கு நெசவில் 'பைல்' என்று பெயர். ஆபீஸ் ஃபைல் இல்லை, இது வேறு. டவலில் பைல் வளையமாக நிற்கிறது. வளையத்தின் தலையை வெட்டிவிட்டால் இரண்டு நுனிகள் நிமிர்ந்து நிற்கும். வெல்வெட்டும் கம்பளமும் அந்த வெட்டிய வகை.

இன்னும் இரண்டு சொற்கள் போதும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. பாவும் ஊடையும் மட்டும் கோத்துக்கொண்டால் தட்டை நெசவு. பவானி ஜமக்காளம் அப்படிப்பட்டது. துருக்கியின் 'கிலிம்' விரிப்பும் அப்படியே. அவற்றில் பைல் கிடையாது, கையால் தடவினால் எந்தப் பக்கமும் ஒன்றுபோல இருக்கும்.

பைல் போடுவதற்கு இரண்டு வேறு வழிகள் உண்டு. டவலிலும் வெல்வெட்டிலும் கூடுதலாக இன்னொரு பாவு ஓடும். அதை மேலே தூக்கி வளையமாக்குவார்கள். வெல்வெட்டில் மெல்லிய கம்பியின் மேல் வளையம் விழும், பிறகு வளையத்தை அறுப்பார்கள். அதாவது தறியே பைலைப் போட்டுக்கொடுக்கிறது. யஸ்திக்கில் அப்படி இல்லை. ஒவ்வொரு புள்ளியும் விரலால் தனித்தனியாகக் கட்டிய முடிச்சு.

பூக் கட்டுவது போல

வாழைநாரில் மல்லிகை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நார் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு பூவை வைத்து ஒரு சுற்று, ஓர் இறுக்கு. மறுபடி நாலு பூ. எவ்வளவு நெருக்கமாகக் கட்டுகிறார்களோ அவ்வளவு அடர்த்தி. யஸ்திக்கின் முடிச்சும் ஏறத்தாழ இந்த மாதிரி வேலைதான். பாவு நூல்தான் நார், வண்ணக் கம்பளி நூல்தான் பூ.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாவு நூல்கள். சின்னத் துண்டுக் கம்பளி நூலை அந்த இரண்டின் முன்னால் குறுக்கே வைக்கிறார்கள். இடது நுனியை இடது பாவைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய், வலது நுனியை வலது பாவைச் சுற்றிப் பின்னால் கொண்டுபோய், இரண்டு நுனிகளையும் நடு இடைவெளி வழியாக முன்னால் இழுக்கிறார்கள். கீழ்நோக்கி ஓர் இழுப்பு, கத்தியால் ஒரு வெட்டு. ஒரு முடிச்சு முடிந்தது.

இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதால் இது சமச்சீர் முடிச்சு. மேற்குத் துருக்கியில் கம்பளத்துக்குப் பேர்போன கோர்தெஸ் ஊரை வைத்துக் கோர்தெஸ் முடிச்சு என்றும் சொல்வார்கள். இன்னொரு வகையில் நூல் ஒரு பாவை மட்டும் முழுதாகச் சுற்றும், அடுத்ததின் பின்னால் வெறுமனே போகும். அதற்கு ஈரானின் சென்னே ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இன்று சனந்தஜ் எனப்படும் அந்தச் சென்னேயில் நெசவாளிகள் போடுவது சமச்சீர் முடிச்சு. பெயர்களை நம்பி ஊரை முடிவு செய்யாதீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஒரு வரிசை முடிச்சு முடிந்ததும் குறுக்கே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஊடையை ஓட்டி, கனமான சீப்பால் தட்டி இறுக்குவார்கள். மறுபடி முடிச்சு வரிசை. கீழே தொடங்கி மேலே வளரும்.

ஒவ்வொரு முடிச்சையும் கீழ்நோக்கி இழுப்பதால் பைல் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து படுத்திருக்கும். பூனை முதுகைத் தடவுவது போலத்தான். ஒரு பக்கம் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் தடவினால் முடி எதிர்க்கும். வழுக்கிக்கொண்டு கை போகும் திசையில் நெசவின் தொடக்க முனை இருக்கிறது. அதே காரணத்தால் ஒரு கோடியிலிருந்து பார்த்தால் நிறம் அடர்ந்து தெரியும், மறு கோடியிலிருந்து வெளிறித் தெரியும். "படத்தில் ஒரு நிறம், கையில் ஒரு நிறம், ஏமாற்றிவிட்டார்கள்" என்று சண்டை போடுவதற்கு முன் உறையைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

எத்தனை முடிச்சு? கிராமத்து யஸ்திக் ஒன்றில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் சுமாராக 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50-க்கு 90 சென்டிமீட்டர் என்றால் அப்படி 45 சதுரம். பெருக்கினால் 36,000. ஹெரெகெ ஊரின் பட்டுக் கம்பளங்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கே 100 முடிச்சு வரும், அதாவது அதே பத்துக்குப் பத்தில் 10,000. இதைக் கேட்டதும் "அப்போ யஸ்திக் மட்டமா?" என்று கேட்பவர்கள் உண்டு. முடிச்சுக் கணக்கு தரக் கணக்கு இல்லை. கையால் திரித்த பளபளப்பான கம்பளி, கொஞ்சம் நீளமான பைல், நல்ல சாயம். யஸ்திக்கின் அழகு இவற்றில் இருக்கிறது. முடிச்சு எண்ணிக்கை சொல்வது ஒன்றை மட்டும்: எவ்வளவு நுணுக்கமான கோட்டை வரைய முடியும் என்பதை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: யஸ்திக் திண்டு உறை. முகம் முடிச்சுப் பைல், முதுகு தட்டை நெசவு. ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு நூல்மேல் உட்காரும் ஒரு வண்ணப் புள்ளி. இந்தப் 'புள்ளி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த படிக்குப் போகப்போகிறோம்.

புள்ளிக் கோலமும் வளைகோடும்

முடிச்சு என்பது கட்டத்தில் விழும் புள்ளி. போன் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் சதுரம் சதுரமாகத் தெரிகிறதே, அதே கதை. சதுரங்கள் நிறைய இருந்தால் வட்டம் வட்டமாகத் தெரியும். குறைந்தால் படிக்கட்டாகத் தெரியும்.

கோலம் போடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பதினைந்து புள்ளி வைத்தால் மயில் வரும். ஐந்து புள்ளியில் மயிலைக் கேட்டால் கோழிதான் வரும். கையில் திறமை இல்லை என்பதால் அல்ல, புள்ளி போதவில்லை.

நம் யஸ்திக்கின் அகலத்தில் எத்தனை முடிச்சு? பத்து சென்டிமீட்டருக்கு 27 என்றால் 50 சென்டிமீட்டருக்கு 135. கரைக்குக் கொஞ்சம் போனால் 120. அதில் ஆறு பூ வரிசையாக வர வேண்டுமென்றால் ஒரு பூவுக்கு 20 முடிச்சு. இருபது புள்ளிக்குள் இதழும் காம்பும் வர வேண்டும், பக்கத்துப் பூவோடு ஒட்டாமல் இடைவெளியும் விட வேண்டும். வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும். இதழ் நுனி கொக்கியாகிவிடும். வட்டம் எண்கோணமாகிவிடும். எண்கோணமும் நட்சத்திரமும் கொக்கியும் படிக்கட்டுச் சாய்சதுரமும் அனத்தோலிய நெசவில் எங்கும் கண்ணில் படுவதற்கு முதல் காரணம் இந்தக் கணக்கு. மந்திரம் தேவைப்படவில்லை.

இன்னொன்று. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் முடிச்சு நெருக்கம் ஒன்றாக இருக்காது. சீப்பால் ஓங்கித் தட்டினால் வரிசைகள் நெருங்கும், நட்சத்திரம் குட்டையாகும். லேசாகத் தட்டினால் அதே நட்சத்திரம் ஒல்லியாக வளரும். ஒரே உறையிலேயே கீழ்ப்பாதியில் ஒரு பூ குண்டாகவும் மேல்பாதியில் நெட்டையாகவும் இருப்பதைப் பார்க்கலாம். நெய்தவளின் கை அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி.

அரண்மனை வெல்வெட் கிராமத்துக்கு வந்த விதம்

நண்பரின் 'மசூதி வாசலுக்கு' இப்போது வரலாம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதியும் இது.

ஒட்டோமன் சுல்தான்களின் காலத்தில், குறிப்பாக 16, 17-ஆம் நூற்றாண்டுகளில், புர்சா நகரம் பட்டு வெல்வெட்டுக்குப் பேர்போனது. அங்கே திண்டுகளுக்கென்றே தனியாக வெல்வெட் உறைகள் நெய்தார்கள். கருஞ்சிவப்புப் பட்டுப் பைல், பைல் இல்லாத பள்ளமான இடங்களில் வெள்ளி இழை மின்னும். இந்த வகை வெல்வெட்டுக்குச் 'சாத்மா' என்று பெயர். பின்னாளில் இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையிலுள்ள உஸ்குதாரிலும் நெய்தார்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் இவற்றைப் பார்க்கலாம்.

அந்த உறைகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. நடுவில் பெரிய பூவோ பதக்கமோ இருக்கும். இரண்டு குறுகிய ஓரங்களிலும் கூர்நுனி வைத்த மடல்கள் வரிசையாக, பெரும்பாலும் ஆறு ஆறாக நிற்கும். ஒவ்வொரு மடலுக்குள்ளும் ஒரு குட்டிப் பூ. திண்டு உறை என்றால் ஓரத்தில் மடல் வரிசை இருக்க வேண்டும் என்பது ஊரறிந்த வழக்கமானது, புடவை என்றால் முந்தி இருக்கும் என்பது போல.

கிராமத்துப் பெண்களால் பட்டு வெல்வெட் வாங்க முடியாது. ஆனால் பணக்கார வீட்டிலோ சந்தையிலோ பார்த்திருப்பார்கள். திண்டு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஊர் ஊராகப் பரவியது. கையிலிருந்ததோ கம்பளியும் முடிச்சும். மயிரிழை போன்ற பட்டில் வழுக்கிப் போன வளைவு, இருபது முடிச்சில் படிக்கட்டுக் கோபுரமானது. மடலுக்குள் இருந்த பூ மூன்று கிளைக் குச்சியானது. அந்த உறையைப் பார்த்து மகள் நெய்தாள், அதைப் பார்த்து மருமகள் நெய்தாள். பழைய துண்டின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்து முடிச்சை எண்ணி எண்ணிப் பார்த்து நெய்வது அங்கே சாதாரண வழக்கம். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த மாதிரி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். ஆனால் ஜெராக்ஸ் மங்கிக்கொண்டே போகும். இங்கே அப்படியில்லை, ஒவ்வொருத்தியும் தன் கட்டத்துக்குள் அடங்கும்படி மறுபடி யோசித்திருக்கிறாள். சில யஸ்திக்குகளில் மடல்கள் நாலாகக் குறைந்து, வெறும் அறுகோணப் பெட்டிகளாகி, மூலம் எதுவென்றே தெரியாத அளவுக்கு வேறொரு அழகு வந்திருக்கும். நகல் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, மசூதி வாசல்? தொழுகை விரிப்பில் மசூதியின் மாடத்தைக் குறிக்கும் வளைவு உண்டு. ஆனால் அது வழக்கமாக ஒரு முனையை நோக்கி நிற்கும் பெரிய வளைவு. மனிதர் மண்டியிட்டு நெற்றி பதிக்கும் அளவுக்கு விரிப்பும் பெரிதாக இருக்கும். 90 சென்டிமீட்டரில் அது நடக்காது. இரண்டு பக்கமும் வரிசையாக ஆறு ஆறு வாசல் எதற்கு? தவிர, திண்டைச் சுவரோரம் நீளவாக்கில் சாய்த்து வைத்தால் இந்த மடல்கள் மேலும் கீழும் வராது, இடமும் வலமும் போய்விடும். அதை நிமிர்த்திச் சுவரில் மாட்டிய பிறகுதான் 'வாசல்' தோன்றுகிறது.

ஆக, உறையின் வடிவத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. திண்டு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற வெல்வெட் காலத்து வழக்கம் ஒன்று. அந்த வழக்கத்தை எத்தனை புள்ளிக்குள் அடக்க வேண்டும் என்ற முடிச்சுக் கணக்கு இன்னொன்று.

தாய்த் தெய்வம் எங்கிருந்து வந்தாள்?

அனத்தோலிய நெசவில் அடிக்கடி வரும் ஓர் உருவத்துக்கு 'எலிபெலிந்தே' என்று பெயர். எலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. துருக்கியில் 'எல்' என்றால் கை, 'பெல்' என்றால் இடுப்பு. இடுப்பில் கை வைத்து நிற்கும் பெண் என்று பொருள். இரண்டு பக்கமும் வளைந்த கொக்கி, நடுவில் சாய்சதுரம், மேலே தலை மாதிரி ஒன்று. இதேபோல இரட்டைச் சுருள் கொக்கிக்கு ஆட்டுக்கடாக் கொம்பு என்று பெயர்.

இவற்றுக்குப் பல்லாயிரம் வருடத்துத் தாய்த் தெய்வ வரலாறு சொல்வதற்குப் பெரிய தூண்டுதல் ஜேம்ஸ் மெல்லார்ட் என்ற தொல்லியலாளர். துருக்கியின் கோன்யா சமவெளியில் உள்ள சாத்தல்ஹூயூக் ஏறக்குறைய 9,000 வருடப் பழமையான குடியிருப்பு. 1960-களின் முதல் பாதியில் அங்கே அகழாய்வு செய்தவர் அவர். அந்த ஊர் உண்மை, அங்கே சுவரோவியங்கள் கிடைத்ததும் உண்மை. ஆனால் 1980-களில் அவர் புதிதாக வெளியிட்ட சில சுவரோவிய வரைபடங்கள் இன்றைய கிலிம் வடிவங்களை அச்சாக ஒத்திருந்தன. புகைப்படம் கேட்டால் இல்லை. நெசவு தெரிந்தவர்கள் அப்போதே சந்தேகப்பட்டார்கள். அவர் 2012-இல் காலமானார். 2018-இல் எபர்ஹார்ட் ட்சாங்கர் என்ற ஆய்வாளர், மெல்லார்ட்டின் வீட்டில் அத்தகைய ஓவியங்களுக்கான வரைவுப் பயிற்சிகளைக் கண்டதாக அறிவித்தார்.

நெசவுக் கோணத்திலிருந்து பார்த்தாலே இந்தக் கதை இடறும். கொக்கியும் சாய்சதுரமும் நெசவுக் கட்டத்தில் இயல்பாகப் பிறப்பவை. உலகில் எங்கெல்லாம் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்தார்களோ அங்கெல்லாம் இவை வரும். ஒரே வடிவத்துக்கு இந்த ஊரில் ஒரு பெயர், அடுத்த ஊரில் வேறு பெயர். பெயர் வைப்பதில் குசும்பும் உண்டு, நினைவும் உண்டு. நம் ஊரில் பட்டு ஓரத்துக்குக் கோபுரக் கரை என்று பெயர் வைத்திருப்பதால் அதைக் கட்டுகிற பெண் ராஜகோபுரத்தை நினைத்துத்தான் கட்டுகிறாள் என்று சொல்வோமா?

இதற்காக அர்த்தமே கிடையாது என்று மறுகோடிக்குப் போக வேண்டாம். கண்ணேறு படாமலிருக்க, பிள்ளைப்பேறு வேண்டி என்று நெசவாளிகளே சொல்லும் வடிவங்கள் இருக்கின்றன. யார் நெய்தார்கள், என்ன பெயர் சொன்னார்கள் என்று தெரிந்தால் அந்த அர்த்தம் கூடவே வரும். பெயரில்லாமல் கடைக்கு வந்த துண்டுக்கு அகராதியை விரித்து வார்த்தை வார்த்தையாக அர்த்தம் படிப்பதுதான் சிக்கல்.

வேண்டுமென்றே விட்ட தப்பு என்பதற்குப் பெரிதாகப் பதில் தேவையில்லை. 36,000 முடிச்சு போடுகிறவள் தப்பு விட முயற்சி செய்ய வேண்டியதில்லை. குழந்தை அழும், அடுப்பில் பால் பொங்கும், ஒரு முடிச்சு நகரும். தப்பு தானாகவே வரும்.

நிறம் சொல்லும் வயது

வடிவம் வயதைச் சரியாகச் சொல்லாது. நூறு வருடம் கழித்தும் அதே மடலை நெய்திருக்கிறார்கள். சாயம் கொஞ்சம் நேர்மையானது.

பழைய யஸ்திக்கின் சிவப்பு மஞ்சிட்டி இனத்துச் செடி ஒன்றின் வேரிலிருந்து வருகிறது. மூன்று வருடமாவது வளரவிட்டுத் தோண்டிய வேரை உலர்த்தி இடித்து, படிகாரத்தில் ஊறவைத்த கம்பளியோடு சேர்த்துச் சூடாக்குவார்கள். படிகாரம் சாயத்தையும் நூலையும் பிடித்துக் கட்டும் கயிறு. வெறும் சாயம் மட்டும் போட்டால் கழுவும்போது பெரும்பகுதி ஓடிவிடும். அந்த வேரின் சிவப்புப் பொருளுக்கு அலிசரின் என்று பெயர். சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய நம் சாயவேரிலும் அதே அலிசரின்தான் இருக்கிறது. செடி வேறு, கடல் வேறு, சிவப்பு ஒன்று.

நீலத்துக்கு அவுரி. மஞ்சளுக்குப் பலவகைச் செடிகள். பச்சைக்குத் தனிச் சாயம் இல்லை, மஞ்சளும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று. மஞ்சள் வெளிறிப்போனால் பச்சை இலை நீல இலையாகிவிடும். கரும்பழுப்புக்கு இரும்பு கலந்த சாயம். இரும்பு நாளாக ஆகக் கம்பளியை அரிக்கும். அதனால் பழைய உறையில் கருப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகவும் சிவப்பு மேடாகவும் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே கோலம் தெரியும்.

சிவப்பு ஓரிடத்தில் திடீரென்று ஒரு சாயல் மாறுகிறதா? வேறு தொட்டியில் தோய்த்த நூல், அவ்வளவுதான். இந்தச் சாயல் மாற்றத்துக்கு 'அப்ராஷ்' என்று பெயர். குறையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

1856-இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். சில வருடங்களில் ஃபுக்ஸின் என்ற பளிச்சென்ற கத்தரிப்பூ-ரோஜா நிறம் சந்தைக்கு வந்தது. 1868-இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மன் இருவரும் அலிசரினையே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தச் சாயப் பொடிகள் அனத்தோலியக் கிராமச் சந்தைகள்வரை போய்ச் சேர்ந்தன. மூன்று வருடம் காத்திருந்து வேர் தோண்டுவதா, சந்தையில் பொட்டலம் வாங்குவதா? யாராக இருந்தாலும் பொட்டலத்தைத்தான் வாங்கியிருப்பார்கள். வேர்ச் சாயத்தின் பக்குவம் பல ஊர்களில் மறந்தே போனது. 1981-இல் ஹரால்ட் போமர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், மர்மரா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கிய தோபாக் திட்டம்தான் ஐவாஜிக், யுந்த்தாக் பகுதிக் கிராமங்களில் அதை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஃபுக்ஸினைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். வெயில் பட்ட நுனி சாம்பலாக வெளுத்துவிடும், பைலின் அடியில் மட்டும் பழைய நிறம் பளிச்சென்று மிஞ்சியிருக்கும். செடிச் சாயமும் வெளிறும், ஆனால் அடிக்கும் நுனிக்கும் இப்படி ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம் இருக்காது. இரண்டு கட்டைவிரலால் பைலைப் பேன் பார்ப்பது போலப் பிரித்துப் பார்த்தால் போதும்.

பின்பக்கப் படம் வந்தது

இரண்டு நாள் கழித்து நண்பர் ஐந்தாறு படம் அனுப்பினார். பின்பக்கத்தில் ஒவ்வொரு முடிச்சும் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு சின்னப் புடைப்பாகத் தெரிந்தது. இரண்டு பாவு நூல்மேல் உட்கார்ந்த முடிச்சுதான். வரிசைகளுக்கு நடுவே சிவப்பு ஊடை. ஸ்கேல் வைத்து எடுத்த படத்தில் எண்ணினேன்: பத்து சென்டிமீட்டர் அகலத்தில் 26, உயரத்தில் 31. ஒரு முனையில் இரண்டு விரல் அகலத்துக்குத் தட்டை நெசவு தொங்கியது, அதன் கடைசி நேராக, கத்தரியால் வெட்டினாற்போல. நீள ஓரங்கள் இரண்டிலும் ஊசித் துளைகள் வரிசையாக. திண்டின் முதுகு அங்கேதான் தைக்கப்பட்டிருந்திருக்கிறது.

"மூலைப் பூ சாம்பல் நிறத்தில் இருக்கிறதே, அதைப் பிரித்துக் கிட்டத்தில் ஒரு படம்" என்று கேட்டேன். வந்த படத்தில் சாம்பல் நுனிக்குக் கீழே, அடி முடிச்சில், நேற்றுச் சாயம் போட்ட மாதிரி கத்தரிப்பூ நிறம்.

இருநூறு வருடம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசி, அல்லது அதற்கும் கொஞ்சம் பின்னால். சொன்னதும் கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ இதை எந்தப் பக்கம் மேலே வைத்து மாட்டுவது?"

"மாட்டாதீர்கள். பின்னால் ஒரு துணி தைத்துப் பஞ்சு திணித்து, படுக்கவாட்டில் வையுங்கள். தினமும் சாய வேண்டாம், கம்பளி பாவம். வெயில் படாத சுவரோரம் போதும்."